சோழிகள் எண்ணிய சந்திரன்

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இலக்கிய வாசகர்களாகிய நமது பேச்சு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைச் சுற்றியே வட்டமிடுவது வழக்கம். துபாஷின் கண்வழியே கண்ட வியாபாரம், கோட்டை, துய்ப்ளேயின் தர்பார், முற்றுகை எல்லாம் நமக்கு அங்கிருந்தே கிடைத்தன. அந்த ஊரிலேயே தரையில் சோழிகளைப் பரப்பி, எழுதுகோலைத் தொடாமல், வரப்போகும் கிரகணத்தின் நேரத்தைச் சொன்னவர்கள் இருந்தனர். அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. கணக்கு முடிந்ததும் சோழிகளை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டனர். அவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் இரண்டு அந்நியர்கள் எழுதிவைத்த குறிப்புகளின் வாயிலாகத்தான். அவர்கள் செய்தது எவ்வகைக் கணிதம் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் 'தனிநிலைக் கணிதம்' என்றோர் இயல் இருக்கிறது. மாணவர்களில் பலர் அதைத் தேர்வுக்கு எளிதான பகுதி என்று மட்டுமே நினைவில் வைத்திருப்பர். பெயரின் பொருள் எளியது. கோட்டைப் போலத் தொடர்ச்சியாக ஓடுபவற்றை விட்டுவிட்டு, சோழியைப் போல ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியே எண்ணத்தக்கவற்றைப் பற்றிய கணிதம் அது. முழு எண்கள், வகுத்தலில் எஞ்சும் மீதி, ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தும் சார்பு, படிப்படியாகச் செல்லும் செய்முறை ஆகியவை அதன் அரிச்சுவடி. கணிப்பொறியின் காலத்தில் பெரும் மதிப்புப் பெற்ற இந்த அரிச்சுவடி முழுவதையும் புதுச்சேரித் தரையில் பரப்பிய சோழிகளில் காணலாம் என்பது நமது எண்ணம்.

முதல் அந்நியர் கியோம் லெ ழாந்தி. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து காண்பதற்காக 1760-இல் பிரான்சை விட்டுப் புறப்பட்ட வானியலாளர். அவர் வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வாண்டு ஜூன் 6-ஆம் நாள் நிகழ்ந்த கடப்பை ஆடும் கப்பலின் தளத்தில் நின்று பயனின்றிப் பார்த்தார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்கினார். 1768 மார்ச்சில் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கையில் இருக்கையில் வந்து, இடிந்து கிடந்த கவர்னர் மாளிகையின் மேல் நோக்குமாடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4-ஆம் நாள் காலையில் மேகம் மூடிக்கொண்டது. நாடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி அகாதெமியில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கோளின் வரலாற்றில் அவர் ஒரு சோகக் கதாபாத்திரம். நமக்கு அவர் முக்கியமாவது வேறொரு காரணத்தால். காத்திருந்த மாதங்களில் அவர் இவ்வூர்த் தமிழரிடம் அமர்ந்து அவர்களுடைய கிரகணக் கணக்கைக் கற்றார்.

அவருடைய குறிப்புகளில் இரண்டு செய்திகள் நம்மை நிறுத்துகின்றன. ஒன்று, 1765 ஆகஸ்டு 30-ஆம் நாளின் சந்திர கிரகணம் பற்றியது. தமிழர் முறைப்படி கணித்த கிரகணக் கால அளவு உண்மையைவிட 41 விநாடி குறைவாக இருந்தது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணைகளான தோபியாஸ் மேயருடையவை 68 விநாடி அதிகமாகக் காட்டின. நம்மவர்கள் மேடைதோறும் எடுத்துச் சொல்ல விரும்பும் செய்தி இது. மற்றது அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்லாதது. சோழிகளைக் கொண்டு செய்யும் கணக்கு ஐரோப்பியரின் எழுத்துக் கணக்கைவிட விரைவானது என்று வியந்த லெ ழாந்தி, அதன் பெருங்குறையையும் உடனே சுட்டினார். முன்னே செல்லச் செல்ல முந்தைய படி அழிந்துவிடுகிறது. பிழை நேர்ந்தால் திரும்பிப் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சியிருக்காது.

இவர் கொண்டுசென்ற அட்டவணைகள் பாரிஸில் பெரிய விவாதத்தையே கிளப்பின. பாயி 1787-இல் எழுதிய நூலில், கலியுகத் தொடக்கமான கி.மு. 3102-இல் இந்தியர் உண்மையாகவே வானத்தை அளந்திருக்கின்றனர் என்று வாதிட்டார். லாப்லாஸ் அதை ஏற்கவில்லை. கலியுகத் தொடக்கம் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பெற்ற நாள் என்பதே இன்றைய வரலாற்றாசிரியர் முடிவு. விவாதம் முழுவதும் தொன்மையைப் பற்றியதாக இருந்ததே ஒழிய, சோழியை நகர்த்திய கை என்ன செய்தது என்று எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் இரண்டாமவர். ஜான் வாரன் என்று ஆங்கிலேயரும் ழான் தெ வாரன் என்று பிரெஞ்சுக்காரரும் அழைக்கத்தக்க விசித்திரமான மனிதர். அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலேயப் படையில் பணியாற்றி, லாம்டனின் நில அளவையில் கலந்துகொண்டு, கோலாரில் தங்கம் இருப்பதைப் பற்றி அறிக்கை எழுதி, சென்னை வானாய்வு நிலையத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தி, முடிவில் 1830-இல் புதுச்சேரியில் காலமானவர். தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றிய அவருடைய 'கால சங்கலிதம்' 1825-இல் சென்னையில் அச்சாயிற்று. அதில்தான் புதுச்சேரிவாசியான ஒரு பஞ்சாங்கக்காரரின் பெயர் வருகிறது. வாரன் தம் செவியில் விழுந்தபடி 'சாமி நாடென் சாஷியா' என்று எழுதிவைத்தார். சாமிநாத சேஷய்யா என்பதுபோன்ற ஒரு பெயர் அதற்குள் ஒளிந்திருக்க வேண்டும். 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை இம்மனிதர் தரையில் சோழி வைத்து, நெஞ்சில் மனனமாயிருந்த அட்டவணைகளைக் கொண்டே கணித்துக் காட்டினார். வாரன் ஒவ்வொரு படியையும் தாளில் இறக்கிக்கொண்டார். லெ ழாந்தி சொன்ன குறை ஒரேயொரு முறை நீங்கியது. அழிந்துபோகும் கணக்கு அன்று அழியாமல் நின்றது.

இனி அக்கணக்கிற்குள் நுழைவோம். வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. வகுத்தல் தெரிந்தால் போதும்.

சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும் தொலைவில் இருக்கும்போது தயங்கியும் செல்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது ஏறத்தாழ 12 பாகை, மிகுந்தால் ஏறத்தாழ 15 பாகை. மிக மெதுவான நிலையிலிருந்து மீண்டும் மிக மெதுவான நிலைக்கு வர 27 நாள் 13 மணி 18 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். முழு நாட்களாக எண்ண முடியாத எண் அது. அங்கேதான் நமது முன்னோர் ஒரு வழி கண்டனர். இத்தகைய ஒன்பது சுற்றுகள் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாட்கள் ஆகின்றன. தற்கால அளவுப்படி வேறுபாடு சுமார் 13 நிமிடமே. ஆகவே 248 நாட்களுக்கு மட்டும் சந்திரன் ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் செய்துகொண்டால் போதும். 249-ஆம் நாள் வேகத்தைப் பொறுத்தவரை முதல் நாளைப் போலவே இருக்கும். முதல் நாள் 12 பாகை 3 கலை. இரண்டாம் நாள் முடிவில் 24 பாகை 9 கலை. மூன்றாம் நாள் முடிவில் 36 பாகை 22 கலை. இப்படி 248 பதிவுகள். இவற்றை வரருசியின் வாக்கியங்கள் என்று மரபு வழங்குகிறது. இவற்றைக் கொண்டு கணிக்கும் நெறியைச் சொல்லும் 'வாக்கிய கரணம்' என்ற நூல் 1300-ஐ ஒட்டிக் காஞ்சிப் பகுதியில் எழுந்தது. ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. 1962-இல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் அதைப் பதிப்பித்தனர்.

எண்களின் பட்டியலுக்கு 'வாக்கியம்' என்று பெயர் வந்தது ஏன்? ஒவ்வோர் எண்ணும் உண்மையாகவே ஒரு சிறு சொற்றொடராக இருந்ததுதான் காரணம். கடபயாதி என்னும் முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. க, ட, ப, ய ஆகிய நான்கும் 1-இல் தொடங்குகின்றன. சொல்லை எழுத்தெழுத்தாக இலக்கமாக்கி, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'தேவர' என்ற சொல்லில் தே 8, வ 4, ர 2, திருப்பினால் 248. 'காலாநில' என்பதில் 1, 3, 0, 3, திருப்பினால் 3031. எண்ணை மறப்பது எளிது, சொல்லை மறப்பது கடினம் என்பதை அறிந்த உத்தி.

இங்கே ஒரு சிறு விளையாட்டை நாம் செய்து பார்த்தோம். புதுச்சேரியின் வடமேற்கில் இருக்கும் கதிர்காமத்தின் பெயரை இம்முறையில் எண்ணாக்கினால் என்ன வரும்? உயிரற்ற மெய்யை விட்டுவிட வேண்டும் என்பது விதி. எழுத்தை அப்படியே வல்லினமாகக் கொண்டால் க 1, தி 6, கா 1, ம 5; திருப்பினால் 5161. ஆனால் நாம் உச்சரிக்கும்போது நடுவிலிருக்கும் தகரமும் ககரமும் மெலிந்து ஒலிக்கின்றன. வடமொழி வரிசையில் மெலிந்த தகரத்துக்கு 8, மெலிந்த ககரத்துக்கு 3. அப்போது 5381 வருகிறது. ஒரே பெயர், இரண்டு எண்கள். தனிநிலைக் கணிதத்தில் முதலில் கற்பிக்கப்படும் 'சார்பு' என்பதன் நிபந்தனை இதுவே: ஒரு பொருளை உள்ளிட்டால் ஒரே ஒரு விடைதான் வெளிவர வேண்டும். நான்கு ஒலிகளுக்கு ஓர் எழுத்தை வைத்திருக்கும் தமிழ் நெடுங்கணக்கு பேச்சுக்கு அழகு, கடபயாதிக்கு உதவாது. வாக்கியங்கள் தமிழ்நாட்டில் வழங்கியும் வடமொழியிலேயே நின்றதற்கு இது ஒரு வலுவான காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. வேறு காரணங்களும் இருந்திருக்கும், அவற்றில் சில அத்துணை குற்றமற்றவையும் அல்ல.

248 மட்டும் போதாது. பதின்மூன்று நிமிடப் பிழை ஒவ்வொரு சுற்றுக்கும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே அதனினும் சிறந்த 3031 நாட்கள், 110 சுற்றுகள். இதில் வேறுபாடு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கும் மேலே 12372 நாட்கள், 449 சுற்றுகள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது சுவாரசியமானது. 248-ஐப் பன்னிரண்டு மடங்காக்கி 55-ஐக் கூட்டினால் 3031. 3031-ஐ நான்கு மடங்காக்கி 248-ஐக் கூட்டினால் 12372. சுற்றுகளின் எண்ணிக்கையும் அதே நடையில் செல்கிறது: 9-ஐப் பன்னிரண்டு மடங்காக்கி 2-ஐக் கூட்டினால் 110, 110-ஐ நான்கு மடங்காக்கி 9-ஐக் கூட்டினால் 449. ஒன்றை மற்றொன்றால் வகுத்து, மீதியால் மீண்டும் வகுத்து, அந்த மீதியால் மீண்டும் வகுத்துச் செல்லும் முறையின் கைரேகை இது. யூக்ளிடின் நூலில் இருப்பதும் ஆரியபடர் சொல்லிப் பின்னாளில் குட்டகம் என்று பெயர் பெற்றதும் இந்த நடையே. ஒழுங்கற்ற பின்னத்தை எவ்வளவு சிறிய முழு எண்களால் எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கலாம் என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை இன்றும் இல்லை.

சரி, 1825 மே 31. கலியுகத் தொடக்கத்திலிருந்து அன்றுவரை கழிந்த நாட்களை நாமே எண்ணிப் பார்த்தோம், 1799312 வருகிறது. மரபு இதிலிருந்து முதலில் 1600984-ஐக் கழிக்கச் சொல்கிறது. அது 1282-ஆம் ஆண்டு மே மாதத்தின் ஒரு நாள். அன்று சந்திரன் தன் மெதுவான நிலையில் இருந்ததால் அதைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டார்கள். எஞ்சியது 198328. இதில் 12372 பதினாறு முறை அடங்கி 376 மீதி. அந்த 376-இல் 3031 அடங்கவில்லை, பூஜ்யம். 248 ஒரு முறை அடங்கி 128 மீதி. முடிந்தது. சந்திரன் தன் பட்டியலில் 128-ஆம் வாக்கியத்தில் நிற்கிறது. ஐந்தரை நூற்றாண்டு நாட்கள் 16, 0, 1, 128 என்ற நான்கு சிறிய எண்களாகிவிட்டன.

கலம், மரக்கால், படி என்று நெல்லை அளந்த சமூகத்துக்கு இது புதிய சிந்தனை அன்று. பெரிய அளவையால் இயன்றவரை அளந்து, எஞ்சியதைச் சிறிய அளவையால் அளப்பதுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கலத்தில் மரக்கால் மீதியின்றி அடங்கும். 3031-இல் 248 அப்படி அடங்குவதில்லை. அந்த அடங்காமையில்தான் நுட்பம் இருக்கிறது. மேலும் 248 நாட்களுக்குப் பின் சந்திரனின் வேகம் பழையபடி ஆனாலும் வானில் அதன் இடம் பழையது அன்று, 27 பாகை 44 கலை தள்ளியிருக்கும். 3031-க்கும் 12372-க்கும் இவ்வாறே தனித்தனித் தள்ளல்கள் உண்டு. அடங்கிய முறைகளால் அவற்றைப் பெருக்கி 128-ஆம் வாக்கியத்தோடு கூட்டினால் சந்திரன் இருக்கும் இடம். சூரியனுக்கும் ராகுவுக்கும் வேறு பட்டியல்கள். பிறகு கிரகணத்தின் தொடக்கம், நடு, முடிவு. சைன் கோணம் எதுவும் இல்லை, வரைபடம் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், நினைவு.

கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டின் சங்கமகிராம மாதவர் இதே 248-ஐயும் 9-ஐயும் கொண்டு நாளொன்றுக்கு ஒன்பது வேளைகளில் சந்திரன் இருக்கும் இடத்தைக் காண வழி செய்தார். அது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி.

புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரின் கணக்கு எப்படி அமைந்தது? கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் வேறுபட்டது. 41 விநாடியைச் சொல்லி மகிழ்பவர்கள் இந்த 52 நிமிடத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆனால் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நோய்கெபாவர் 1952-இல் வாரனின் பக்கங்களை மீண்டும் திறந்தபோது அவரை ஈர்த்தது துல்லியம் அன்று. 248, 3031 என்ற அதே நாட்சுற்றுகளை அவர் மூன்றாம் நூற்றாண்டு எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ் ஏட்டில் கண்டிருந்தார். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரின் 'பஞ்ச சித்தாந்திகை'யிலும் அவை இருக்கின்றன. அவற்றுக்கும் பின்னால் பாபிலோனியரின் களிமண் பலகைகள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சியொன்று 1825-இல் புதுச்சேரியின் தரையில் உயிரோடு இருந்ததை அவர் உணர்ந்தார்.

வாரன் தம் ஆசானைப் பற்றி ஒரு தீர்ப்பும் எழுதிவைத்தார். இம்மனிதருக்கு வானியல் கோட்பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் செயல்களை மனத்திலும் தரையிலும் தெளிவாக வரிசைப்படுத்தும் நினைவாற்றல் இருக்கிறது என்பது அதன் சாரம். பாராட்டும் ஏளனமும் கலந்த இந்தத் தீர்ப்பு அக்காலத்துக்குப் பொருத்தமானதே. பின்னால் வந்த காலனியக் கல்வியாளர்கள் நமது திண்ணைப் பள்ளிகளைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள்: மனப்பாடம், புரிதல் இல்லை. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு, தென்னிந்தியக் கணித நடைமுறைகள் பற்றி 2022-இல் வெளியிட்ட நூலிலும் அதற்கு முந்தைய கட்டுரைகளிலும் இதை விரிவாக ஆராய்கிறார். திண்ணைப் பள்ளியின் எண்சுவடி வெறும் ஒப்பித்தல் அன்று, நினைவே கணக்கிடும் கருவியாகப் பழக்கப்பட்டது என்பது அவருடைய கருத்து. சோழிக்காரருக்கும் அது பொருந்தும் என்றே கருதுகிறோம். பதினாறு முறை அடங்கியதென்று கண்டு, மீதியை எடுத்து, அடுத்த வகுப்பானுக்கு மாறி, பூஜ்யத்தைப் பூஜ்யமென்று விட்டு, வாக்கியத்தை எண்ணாக மாற்றிக் கூட்டுவதில் எந்தப் படியும் புரிதலின்றி நடவாது. அவருக்குப் புரிந்திருந்தது செய்முறை. புரியாதிருந்தது அச்செய்முறை ஏன் பலிக்கிறது என்பது. இன்று கைப்பேசியில் வழி தேடும் நம்மில் எத்தனை பேருக்கு அதற்குள் ஓடும் கணக்கு தெரியும்?

ஆயினும் வாரனின் தீர்ப்பை முற்றிலும் தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. கோட்பாட்டை அறியாதவரும் சரியாகச் செய்யும்படி அமைந்ததே அச்செய்முறையின் வெற்றி. 248 வாக்கியங்களைத் தொகுத்தவர்கள் தங்கள் அறிவைப் பிரித்தெடுத்து, தங்களுக்குப் பின்வரும் எவரும் ஏந்திச் செல்லத்தக்க பொட்டலமாகக் கட்டினர். அவர்கள் காலத்தில் வானத்தைப் பார்த்து எண்களைத் திருத்துபவர்களும் இருந்தனர். பீஜத் திருத்தம் என்று அதற்கொரு பெயரே உண்டு. கட்டியவர் மறைந்து ஏந்திச் செல்பவர் மட்டும் எஞ்சும்போது பிழை ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகக் கூடும். அதைக் கண்டாலும் எங்கே திருத்துவது என்று அவருக்குத் தெரியாது. கணக்கின் முந்தைய படிகள்தாம் அழிந்துவிட்டனவே.

இது பழங்கதை அன்று. புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலின் திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. இன்றைய வானியல் அளவுகளைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்ப ராசிக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 17-இல். திருநள்ளாற்றில் பெருந்திரளான மக்கள் கூடிச் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது அவ்வாண்டு டிசம்பர் 20-இல். இடையில் பதினொரு மாதங்கள். 2025 மார்ச் 29-இல் அடுத்த பெயர்ச்சி என்று திருக்கணிதத்தார் சொன்னபோது, தங்கள் கணக்கில் அது 2026-இல்தான் என்று கோயில் நிர்வாகம் விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று.